கிரகரி வாவிக்கு முன் அங்கே என்ன இருந்தது?

"மச்சான், இந்தத் தண்ணிய இன்னும் எத்தன தடவதான் மாத்துறது? மாத்தி மூணே நாள்ல திரும்பப் பச்சையாகிடுது."

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் ஒரு விடுதிக்குத் தற்காலிக வேலைக்குப் போயிருந்த எங்கள் நண்பன் இரவு பத்து மணிக்கு எடுத்துச் சொன்ன முதல் வசனம் இதுதான். விடுதி வாசலில் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. அதில் சிவப்பும் வெள்ளையுமாகக் கொய் மீன்கள். வருகிறவர்கள் எல்லாரும் அதற்குப் பக்கத்தில் நின்றுதான் படம் எடுப்பார்கள். குளம் பச்சையாக இருந்தால் படம் நன்றாக வராது. ஆகவே தண்ணீரைத் தெளிவாக வைத்திருப்பது அவன் வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

நாங்கள் எல்லாரும் கலைப்பீடம். விஞ்ஞானம் சாதாரண தரத்தோடு முடிந்துவிட்டது. ஆனாலும் நண்பன் கேட்டால் சும்மா இருக்க முடியுமா? தேடிப் படித்தோம். ஆளுக்கு ஒன்று சொன்னோம். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் நைத்திரேற்றுச் சோதனைத் தாள் வாங்கச் சொன்னோம். குளத்துத் தண்ணீரில் தாளை நனைத்ததும் அது கடும் இளஞ்சிவப்பாக மாறியது. நைத்திரேற்று கூடிப்போயிருக்கிறது என்று அர்த்தம். பிறகு அவனுக்கே ஒரு யோசனை வந்து, குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயிலும் ஒரு தாளை நனைத்திருக்கிறான். அதுவும் கிட்டத்தட்ட அதே நிறம்.

"டேய், வர்ற தண்ணியிலேயே இருக்குடா."

அந்தக் குழாய் ஓடையிலிருந்து வருகிறது. ஓடைக்கு மேலே லீக்ஸ் பாத்திகள். விடுதித் தோட்டத்தில் வேலை செய்யும் ஐயா இதைக் கேட்டுச் சிரித்தாராம். "மேல உரம் போட்டு ஒரு மழை பேஞ்சா இங்க பச்சை புடிக்கும் தம்பி. இதுக்கு எதுக்குத் தாளு?"

ஒரு மீன் குளத்தைப் பற்றிய கேள்வி அந்த இடத்தில் எங்கள் ஊரின் வரலாற்றுக்குள் போய்விட்டது. இந்தக் கட்டுரை அங்கே இருந்துதான் தொடங்குகிறது.

மலைக் கிராமத்து மீன்

கொய் மீனும் ஒரு மலைக் கிராமத்துப் பிறவிதான். ஜப்பானின் நீகாத்தா மாகாணத்தில் யமகோஷி என்ற இடம். பனி கொட்டும் மலை, படிப்படியாக நெல் வயல். குளிர்காலத்தில் வெளியே போக முடியாது என்பதால் வயலுக்கு நீர் தேக்கும் குளங்களில் கெண்டை மீன் வளர்த்து உணவுக்கு வைத்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கறுப்புக் கெண்டைகளில் சில நிறம் மாறிப் பிறந்தன. விவசாயிகள் அவற்றைத் தனியாகப் பிரித்து வளர்த்தார்கள். 1914இல் டோக்கியோவில் நடந்த கண்காட்சியில்தான் வெளியுலகம் அவற்றைப் பார்த்தது. அதன்பிறகு ஏழைகளின் உணவு பணக்காரர் வீட்டு அலங்காரமானது.

அந்த மீன்கள் வளர்ந்தது சேற்றுக் குளங்களில். அடியில் சேறு, ஓரத்தில் புல், கீழே வயல். மீன் கழித்தது நெல்லுக்கு எருவானது. நாங்கள் அதே மீனைக் கொண்டுவந்து சீமெந்துத் தொட்டியில் போட்டுவிட்டு, தண்ணீர் ஏன் கெடுகிறது என்று கேட்கிறோம்.

என்ன நடக்கிறது என்றால், மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிப் போகும் தீனியும் அழுகி அமோனியாவாகிறது. ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக்கும், இன்னொரு வகை நைத்திரேற்றாக்கும். அமோனியாவும் நைத்திரைற்றும் மீனைக் கொல்லும்; நைத்திரேற்று அவ்வளவு மோசமில்லை. கடையில் வாங்கும் ஸ்பொஞ்ச் வடிகட்டி செய்வது இவ்வளவுதான்: பற்றீரியாவுக்கு ஒரு வீடு கொடுக்கிறது. சங்கிலி நைத்திரேற்றோடு நின்றுவிடுகிறது. வடிகட்டி எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் நைத்திரேற்று குறையாது, சேரத்தான் செய்யும். அதை உண்டு வளர அல்காக்கள் காத்திருக்கின்றன.

நைத்திரேற்றைக் குறைக்க இயற்கையில் இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, செடி அதை உறிஞ்ச வேண்டும்; உறிஞ்சிய செடியை நாம் வெட்டி வெளியே எடுக்க வேண்டும். வெட்டாமல் விட்டால் அது அழுகி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடும். இரண்டு, ஒட்சிசன் இல்லாத சேற்றில், இலைதழை மக்கும் இடத்தில் வாழும் வேறு பற்றீரியாக்கள் நைத்திரேற்றை உடைத்து நைதரசன் வாயுவாகக் காற்றுக்கே அனுப்ப வேண்டும்.

செடியும் சேறும் மெதுவாக ஓடும் தண்ணீரும் ஒரே இடத்தில் இருந்தால் அதற்கு ஒரு பெயர் உண்டு. சதுப்பு.

1873

இப்போது கிரகரி வாவிக்கு வருவோம். நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் படகு ஏறிய, குதிரைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்த அதே வாவி.

அது இயற்கையான ஏரி கிடையாது. பிதுருதலாகல மலையிலிருந்து இறங்கும் தலகல ஓடையை மறித்து, 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் கட்டியது. அதற்கு முன் அந்த இடம் மலையடிவாரத்தில் பரந்து கிடந்த சதுப்பு. நகரம் விரிய நிலம் வேண்டும். சேறு துரைமார் கண்ணுக்கு வீணான இடம். ஓடையை ஓரிடத்தில் தேக்கினால் ஒரு பக்கம் அழகான நீர்ப்பரப்பு, மறுபக்கம் காய்ந்த நிலம். அவர்கள் பார்வையில் இது இலாபக் கணக்கு.

அதே 1873இல் இன்னொரு விஷயமும் நடந்தது. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் டோல்டன் ஹூக்கர், இலங்கையில் 5,000 அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளை வெட்டாமல் விடும்படி ஆலோசனை சொன்னார். அதன்படி உத்தரவும் வந்தது. ஹோட்டன் சமவெளி இன்று மிஞ்சியிருப்பதற்கு அந்த உத்தரவு ஒரு காரணம். கோப்பிக்காக மலைகளை மொட்டையடித்த பிறகு வந்த ஞானம் அது. ஆனால் அந்த ஞானம் மரத்தோடு நின்றுவிட்டது. நுவரெலியா 6,000 அடிக்கும் மேலே இருக்கிறது. காடு தண்ணீரைக் காக்கும் என்று விளங்கியவர்களுக்குச் சதுப்பும் தண்ணீரைக் காக்கும் என்று விளங்கவில்லை.

அவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அந்த வேலையைச் செய்வது உயிர்கள் என்பதை அப்போது உலகில் யாரும் நிரூபித்திருக்கவில்லை. நான்கு வருடம் கழித்து, 1877இல், ஷ்லோசிங், மியூன்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் மணலும் சுண்ணக்கல்லும் நிரப்பிய ஒரு நீண்ட குழாயில் கழிவுநீரை மெதுவாக ஓட விட்டார்கள். முதல் நாட்களில் அமோனியா அப்படியே வெளியே வந்தது. சில வாரங்களில் நைத்திரேற்றாக வரத் தொடங்கியது. குளோரோபோம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றுபோனது. மயக்க மருந்து கொடுத்தால் நின்றுபோகிற ஒரு வேலை என்றால், அதை உயிருள்ள ஒன்றுதானே செய்திருக்க வேண்டும்? 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி அந்தப் பற்றீரியாக்களைத் தனியே பிரித்துக் காட்டினார். இதற்கிடையில் கயோன், துபெத்தி இருவரும் காற்றில்லாத இடத்தில் நைத்திரேற்றை அழிக்கும் பற்றீரியாக்கள் இருப்பதைச் சொல்லியிருந்தார்கள்.

சதுப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை ஐரோப்பா படித்து முடிப்பதற்குள் நுவரெலியாவின் சதுப்பு தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. 1950களில் ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற பெண் விஞ்ஞானி கோரைகளை நட்டுக் கழிவுநீரைச் சுத்தமாக்கலாம் என்று காட்டத் தொடங்கியபோது, பல பொறியியலாளர்கள் நம்பவில்லை. இன்று உலகம் முழுக்க அதைச் செயற்கைச் சதுப்பு என்று காசு கொடுத்துக் கட்டுகிறார்கள்.

ட்ரௌட், கெண்டை, லீக்ஸ்

1881இல் நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் வாவியில் ட்ரௌட் மீன் விட்டார். துரைமார் தூண்டில் போட வேண்டுமே. ட்ரௌட் குளிர்ந்த, தெளிந்த, ஒட்சிசன் நிறைந்த தண்ணீரை விரும்பும் மீன். 1910களில் வாவித் தண்ணீரைச் சுரங்கவழியே கொண்டுபோய் நகரத்துக்கும் நானுஓயாவுக்கும் நடுவில் உள்ள பிளாக்பூலில் மின்சாரம் எடுத்தார்கள். இன்று வாவிக்குப் போகிறவர்கள் பார்ப்பது கெண்டை இன மீன்களைத்தான். கலங்கலையும் தாங்கும் மீன் அது. கொய் மீனுக்குச் சொந்தக்காரன். ட்ரௌட்டுக்குக் கட்டிய வாவி கெண்டைக்கு வீடானதிலேயே தண்ணீரின் கதை ஓரளவு தெரிகிறது.

நடுவில் என்ன நடந்தது? நுவரெலியாவில் ஐரோப்பிய மரக்கறியைப் பெரிய அளவில் போட்டுப் பார்த்தவர்களில் முக்கியமானவர் சாமுவேல் பேக்கர். 1840களின் இறுதியில் கப்பலில் மாடு, கலப்பை, கொல்லன் எல்லாம் கொண்டுவந்து ஓர் இங்கிலாந்துக் கிராமத்தையே இறக்கப் பார்த்தார். பார்வைக்குக் கறுப்பாக இருக்கும் இந்த மண் எருவில்லாமல் சரியாக விளையாது என்பதை அனுபவப்பட்டுத்தான் கற்றார். அன்றைக்கு எரு என்றால் மாட்டுச் சாணம். 1909இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலுள்ள நைதரசனை அமோனியாவாக்கிக் காட்டினார். 1913இல் அது தொழிற்சாலைக்கு வந்தது. யூரியா மூட்டைக்கான பாதை அங்கே திறந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு, முக்கியமாக உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்திய 1960, 70களில், கந்தப்பளை, இராகலை, வெலிமடை என்று மரக்கறி பரவியது. உருளைக்கிழங்கு, லீக்ஸ், கோவா, கரட். வருடத்துக்கு இரண்டு, மூன்று போகம், சரிவான நிலம், கொட்டும் மழை. செடி எடுத்தது போக மிஞ்சிய நைத்திரேற்று மண்ணில் ஒட்டாது, மழையோடு ஓடிவிடும். பொசுபேற்று மண்ணோடு சேர்ந்து போகும். இரண்டும் வாவியில் கூடியதும் அல்கா. இதோடு நகரத்துக் கழிவு, விடுதிக் கழிவு, ஒழுங்கான மலசலகூடம் கட்டிக்கொடுக்காத லயங்களின் கழிவு. வாவியைத் தூர்வாரினார்கள், பூங்கா கட்டினார்கள், படகு விட்டார்கள். ஆனால் வந்து சேருவது நிற்காமல் தூர்வாருவது, எங்கள் நண்பன் குளத்துத் தண்ணீரை மாற்றிய கதைதான்.

இது நுவரெலியாவோடு முடியும் பிரச்சினையும் இல்லை. நானுஓயா கொத்மலை ஓயாவில் சேர்ந்து மகாவலிக்குப் போகிறது. கொத்மலை நீர்த்தேக்கம் 1985இல் திறக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்திலேயே அங்கே நீலப்பச்சை அல்கா படர்ந்து ஆய்வாளர்கள் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. வடக்கில் யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுவதை 1980களிலேயே எழுதியிருக்கிறார்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அதற்குக் காரணம் கைக்குழந்தைகள். கிணற்று நைத்திரேற்றால் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாய்வதை 1945இல் அமெரிக்காவில் கொம்லி என்ற வைத்தியர் முதலில் எழுதினார். வளர்ந்த கொய் மீன் அந்த அளவைத் தாண்டியும் தாங்கும்.

இதைப் படித்த அன்று நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். மீனுக்காகத்தானே தாள் வாங்கினோம்?

அடுத்த நாள் நண்பன் லயத்துப் பீலியில் தாளை நனைத்தான். நிறம் மாறவே இல்லை என்று சொல்லலாம். அந்தப் பீலிக்குத் தண்ணீர் வருவது பாத்திகளுக்கு மேலே, காட்டோரத்தில் உள்ள ஊற்றிலிருந்து. அதே மலை, அதே மழை, மேலே ஒரு தண்ணீர், கீழே ஒரு தண்ணீர். ஆனால் எல்லா லயங்களும் மேலே இருப்பதில்லை.

உரத்தை நிறுத்தினால் சரியா?

2021இல் இதைத்தான் செய்து பார்த்தார்கள். மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. நவம்பரில் பின்வாங்கினார்கள். அந்த வருடம் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 250 மில்லியனுக்கு விழுந்தது. கொழுந்து குறைந்தால் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. மரக்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்களுக்கும் வேலை இல்லை. சுத்தமான தண்ணீர் என்று பேசினாலே எங்கள் பெற்றோர் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது.

உரம் போடுவதும் உரம் ஓடையில் கலப்பதும் இரண்டு வேறு விஷயங்கள். நடுவில் ஏதாவது மறித்தால் போதும். இலங்கையின் வறண்ட வலயத்துக் குளக் கிராமங்களில் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்திருக்கிறார்கள். குளத்துக்குத் தண்ணீர் வந்து இறங்கும் மேல்பக்கத்தில் ஒரு புல்தரை விடுவார்கள். சிங்களத்தில் அதற்குப் பெயர் பெரஹன. வடிகட்டி என்றே அர்த்தம். அணைக்கட்டுக்குக் கீழே செடிகொடிகள் அடர்ந்த ஈரநிலம், கட்டாகடுவ. ஐநாவின் உணவு விவசாய அமைப்பு இந்தக் குளத்தொடர் முறையை உலக விவசாய மரபாக அங்கீகரித்திருக்கிறது. பற்றீரியாவின் பெயர் தெரியாதவர்கள் புல்லின் வேலையைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

ஆனால் பெரஹன எதனால் சாத்தியமானது? அது ஊருக்குப் பொதுவான நிலம். எந்த ஒரு குடும்பமும் தன் வயலில் இருந்து அதை விட்டுக்கொடுக்கவில்லை.

மலையகத்தில் பொது நிலம் எங்கே இருக்கிறது? கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் வந்து 200 வருடம் என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோம். இன்னும் லயத்துக் காம்பரா எங்கள் பெயரில் இல்லை. வீடு கட்ட 7 பேர்ச்சஸ் என்பதே பெரிய போராட்டத்தின் பேச்சு. தேயிலைக்கு உதவாது என்று தோட்டம் கைவிட்ட இடம்தான் எங்கள் ஆட்களுக்குக் கிடைக்கும். பெரும்பாலும் அது ஓடைக்கரை. வடிகட்டியாக இருக்க வேண்டிய அதே கரை.

அந்த லீக்ஸ் பாத்திகளில் இரண்டு எங்கள் நண்பனுடைய சித்தியுடையவை. குத்தகை நிலம். அவன் போய்ப் பேசினான். ஓடையோரமாக இரண்டு பாத்தி அகலம் விட்டுப் புல் வளர்த்தால் தண்ணீர் சுத்தமாகும் என்று சொல்லியிருக்கிறான்.

"விடுறேன்டா தம்பி. அந்த ரெண்டு பாத்திக் காசு யாரு தருவா? மீன் வளக்குறவங்களா?"

நியாயமான கேள்வி. தண்ணீர் தெளிவாக இருந்தால் இலாபம் விடுதிக்கு, நகரசபைக்கு, கீழே மின்சாரம் எடுப்பவர்களுக்கு. நட்டம் மட்டும் சித்திக்கு என்றால் அது என்ன இயற்கை வழி? கரையைக் காக்கச் சொல்கிறவர்கள் முதலில் கரையில் இருப்பவர்களுக்குக் காணி உரிமை கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுக்கும் நிலத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும். வாவியைச் சுத்தம் செய்யும் எந்தத் திட்டத்திலும் இந்தச் செலவு ஒரு வரியாகவாவது இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இப்போதைக்கு

விடுதிக் குளத்துக்கு ஒரு வழி செய்தோம். குழாய்த் தண்ணீர் நேராகக் குளத்தில் விழாமல், முதலில் சரளைக்கல் போட்ட நீண்ட பள்ளத்தில் மெதுவாகப் போகும். அதில் ஓடையோரத்தில் தானாக வளரும் சேம்பும் கோரையும், கொஞ்சம் கல்வாழையும். பள்ளத்தின் கடைசியில் ஆழமான ஒரு குழி. அடியில் மக்கிய இலை. மீன்தீனியைப் பாதியாகக் குறைத்தாயிற்று. மாதம் ஒருமுறை செடியை வெட்டி வெளியே எடுக்க வேண்டும். சில வாரத்தில் தாளின் நிறம் வெளிறியது. முழுவதும் போகவில்லை. பெரிய மழைக்கு அடுத்த நாள் திரும்பவும் சிவக்கிறது. குளிரில் பற்றீரியாவும் நம்மைப் போலத்தான், வேலை மந்தம்.

வெட்டிய கோரையைத் தோட்டத்து ஐயா அள்ளிக்கொண்டு போய்த் தன் எருக்குழியில் போடுகிறார். அதைப் பார்த்துவிட்டுப் போன சித்தி, ஒரு வாரம் கழித்து நண்பனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்:

"ஏன்டா, அந்த எடத்துல மாட்டுப்புல்லு வச்சா ஆகுமா? வெட்டி வெட்டி மாட்டுக்குப் போடலாம்ல?"

ஆகும் சித்தி. புல் நைத்திரேற்றை எடுக்கும், வெட்டினால் அது கரையை விட்டுப் போகும், சாணம் திரும்பப் பாத்திக்கு வரும். இப்போதைக்கு ஒரு பாத்தி அகலம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மற்றதற்கு விடுதி முதலாளியிடம் பேசச் சொல்லி நண்பனை அனுப்பியிருக்கிறோம். வேலை போகாமல் இருந்தால் அடுத்த கட்டுரையில் சொல்கிறோம்.